கார் ஏசி குளிரவில்லையா? கேஸ் ஏற்றும் முன் பார்க்க வேண்டியவையும், வீட்டில் ஏற்றும் முறையும்

மதுரையில் சித்திரை பிறந்துவிட்டால் கார் ஏசி கடைகளின் வாசலில் வண்டிகள் வரிசைகட்டி நிற்கும். “ஏசி சரியா வரலை” என்று சொன்னதும் கிடைக்கும் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: “கேஸ் இறங்கிடுச்சு சார், டாப்-அப் பண்ணிடலாம்.” நானும் அடுத்தடுத்து மூன்று கோடைகளில் காசு கொடுத்து டாப்-அப் செய்தேன். மூன்றாவது தடவை ஏற்றிய கேஸ் ஆடி மாதம் முடிவதற்குள் தீர்ந்துபோனது. அதன் பிறகுதான் ‘ஏற்றிய கேஸ் எங்கே போகிறது’ என்ற கேள்வியே எனக்கு வந்தது. மூன்று கடைக்காரர்களில் ஒருவர்கூட அதைக் கேட்கவில்லை.

ஏசி கேஸ் பெட்ரோல் மாதிரி எரிந்து தீரும் பொருள் கிடையாது. மூடிய குழாய்களுக்குள் அதே கேஸ்தான் வருடக்கணக்கில் சுற்றிச் சுற்றி வருகிறது. ரப்பர் ஹோஸ் வழியாகவும், கேஸை அழுத்திச் சுற்றவிடும் கம்ப்ரஸரின் ஷாஃப்ட் சீல் வழியாகவும் ஆண்டுக்குச் சில கிராம் கசிவது இயல்பு. அதனால் பல ஆண்டுகள் கழித்துக் குளிர்ச்சி லேசாகக் குறையலாம். ஒரே வருடத்தில் கேஸ் இறங்கினால் எங்கோ ஓட்டை இருக்கிறது என்று அர்த்தம். ஓட்டையை அடைக்காமல் கேஸ் ஏற்றுவது, அடியில் விரிசல் விட்ட குடத்தில் தண்ணீர் பிடிக்கிற வேலை.

கேஸ் ஏற்றுவதைக் கடைசி வேலையாகத்தான் வைத்திருக்கிறேன். அதற்கு முன்னால் சொல்லியிருப்பவற்றிலேயே பலருடைய பிரச்சினை தீர்ந்துவிடும்.

இது எந்தக் கார்களுக்கு?

பானட்டைத் திறந்தால் அதன் அடிப்பக்கத்திலோ ரேடியேட்டருக்கு மேலே உள்ள தகட்டிலோ ஏசி ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். அதில் கேஸின் பெயர், அளவு, கம்ப்ரஸர் ஆயிலின் வகை மூன்றும் இருக்கும். நம் ஊரில் ஓடும் பெரும்பாலான பெட்ரோல், டீசல் கார்களில் இருப்பது ஆர்-134ஏ. சிறிய கார்களுக்கு ஏறக்குறைய 350 முதல் 500 கிராம் பிடிக்கும். உங்கள் வண்டியின் சரியான எடை ஸ்டிக்கரில்தான் இருக்கிறது. அதைப் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்; வெயிலில் வெளிறிப் போகும் ஸ்டிக்கர் அது.

ஸ்டிக்கரில் ஆர்-1234ஒய்எஃப் என்று இருந்தால் வீட்டில் கேஸ் வேலை வேண்டாம். அது லேசாகத் தீப்பிடிக்கக்கூடிய கேஸ். அதன் போர்ட்டும் (கேஸ் ஏற்றும் வாய்) கருவிகளும் வேறு. மின்சாரக் கார், ஹைப்ரிட் கார்களிலும் கேஸ் பக்கம் கை வைக்கக் கூடாது. அவற்றின் கம்ப்ரஸர் உயர் மின்னழுத்தத்தில் ஓடுவது. சாதாரணக் கார்களின் கம்ப்ரஸருக்கான பிஏஜி ஆயில் கொஞ்சம் கலந்தாலும் உள்ளே மின்காப்பு கெட்டுப்போகும். ஃபில்டர் மாற்றுவது, கண்டென்சர் கழுவுவது போன்றவற்றை எல்லா வண்டிக்கும் செய்யலாம்.

முதலில் அளந்து பாருங்கள்

‘முன்ன மாதிரி இல்லை’ என்பது அளவு ஆகாது. மெல்லிய கம்பி வைத்த சமையலறை டிஜிட்டல் வெப்பமானி ஒன்று போதும். வண்டியை நிழலில் நிறுத்தி, எஞ்சினைச் சூடேறவிட்டு, ஏசியை முழுக் குளிரில் வையுங்கள். காற்று உள்ளேயே சுற்றும் ரீசர்க்குலேஷன் பட்டனை அழுத்தி, ப்ளோயரை நடுத்தர வேகத்தில் விடுங்கள். ஆக்ஸிலரேட்டரை மெல்ல மிதித்து 1500 ஆர்பிஎம்மில் பத்து நிமிடம் ஓடட்டும். நடு வென்ட்டில் கம்பியைச் செருகிப் பார்த்தால், நல்ல ஏசியில் 5 முதல் 10 டிகிரி வரை காட்டும். சென்னை, தூத்துக்குடி போன்ற புழுக்கமான ஊர்களில் 12 வரை போனாலும் கவலைப்பட வேண்டாம். காற்றிலுள்ள ஈரத்தைப் பிழிந்தெடுக்கவே ஏசியின் சக்தியில் பெரும்பங்கு செலவாகிவிடும். 15-க்கு மேல் நின்றால் தேட ஆரம்பிக்கலாம்.

பானட்டைத் திறந்து இரண்டு அலுமினியக் குழாய்களையும் பாருங்கள். தடித்த குழாய் வண்டிக்குள்ளிருந்து கம்ப்ரஸருக்குத் திரும்பும் வழி. ஏசி நன்றாக இருந்தால் அந்தக் குழாய் ஜிகர்தண்டா டம்ளர் மாதிரி வேர்த்து, தொட்டால் ஜில்லென்று இருக்கும். மெல்லிய குழாய் சூடாக இருக்கும். அதைத் தொடும்போது ஜாக்கிரதை. இரண்டும் ஒரே சூட்டில் இருந்தால் கம்ப்ரஸர் ஓடவில்லை, அல்லது உள்ளே கேஸே இல்லை.

எப்போது குளிரவில்லை என்பதைக் கவனித்தாலே பாதி விடை கிடைத்துவிடும். ஓடும்போது குளிர்ந்து, சிக்னலில் நின்றதும் சூடாகிறதா? வெப்பத்தை வெளியேற்றும் கண்டென்சரின் ஃபேனைச் சந்தேகப்படுங்கள். முதல் ஒரு மணி நேரம் நன்றாக இருந்து, பிறகு காற்றே குறைந்து, வண்டியைப் பத்து நிமிடம் நிறுத்தி எடுத்தால் சரியாகிறதா? டேஷ்போர்டுக்குள் காற்றைக் குளிர்விக்கும் கூலிங் காயிலில் ஐஸ் கட்டுகிறது. காற்று வேகமாக வந்தும் குளிர்ச்சி மட்டும் இல்லை என்றால்தான் கேஸையும் கம்ப்ரஸரையும் யோசிக்க வேண்டும்.

கேபின் ஃபில்டர்

கிளவ் பாக்ஸைத் திறந்து, உள்ளிருக்கும் பொருட்களை எடுத்துவிட்டு, இரண்டு பக்கச் சுவர்களையும் உள்பக்கமாக அழுத்தினால் பெட்டி முழுவதும் கீழே தொங்கும். பின்னால் ஒரு நீளமான மூடி தெரியும். அதைக் கழற்றி ஃபில்டரை இழுங்கள். பெரும்பாலான கார்களில் இப்படித்தான். சிக்கனத்துக்காகத் தொடக்க மாடல்களில் ஃபில்டரே போடாமல் வெறும் மூடி மட்டும் வைத்திருப்பதும் உண்டு.

என் வண்டியில் முதல் தடவை இழுத்தபோது வேப்பம்பூ, எலி கடித்த காகிதத் துணுக்கு, செம்மண் எல்லாம் சேர்ந்து ஒரு விரல் கனத்துக்கு அப்பியிருந்தது. அதைத் தாண்டி எப்படிக் காற்று வரும்? 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றுங்கள். மண் சாலையில் ஓடும் வண்டிக்கு இன்னும் சீக்கிரம். காகித ஃபில்டரைக் கழுவிப் போடக் கூடாது. இழைகள் ஒட்டிக்கொண்டு காற்றை இன்னும் அடைக்கும். புதிய ஃபில்டரின் ஓரத்தில் அம்புக்குறி இருக்கும். காற்று போகும் திசையில் அது இருக்க வேண்டும்.

கண்டென்சர்: அதிகம் மறக்கப்படும் பாகம்

முன்பக்கக் கிரில்லுக்குப் பின்னால், ரேடியேட்டருக்கும் முன்னால் நிற்பது கண்டென்சர். கார் அறையிலிருந்து எடுத்த வெப்பம் முழுவதும் இங்கேதான் வெளியேற வேண்டும். லாரிகளுக்குப் பின்னால் நெடுஞ்சாலையில் ஓடும் கார்களின் கண்டென்சரில் பூச்சி, தூசி, எண்ணெய்ப் பசை மூன்றும் சேர்ந்து கம்பளம் மாதிரி படியும். இந்த வெப்பம் வெளியேறாவிட்டால் எவ்வளவு கேஸ் ஏற்றியும் பயன் இல்லை. அழுத்தம் ஏறி கம்ப்ரஸர்தான் அடிவாங்கும்.

எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு, தோட்டத்துக் குழாயின் சாதாரண வேகத்தில் தண்ணீர் விடுங்கள். முடிந்தால் எஞ்சின் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக விடுங்கள். அழுக்கு வந்த வழியே போகும். பிரஷர் வாஷர் வேண்டவே வேண்டாம். அந்த அலுமினியத் தகடுகள் விரல் நகம் பட்டாலே மடங்குபவை. ஏற்கெனவே மடங்கியவற்றைப் பழைய டூத் பிரஷ்ஷின் பின்முனையால் பொறுமையாக நிமிர்த்தலாம்.

இதே நேரத்தில் ஏசியைப் போட்டு ஃபேன் சுற்றுகிறதா என்றும் பாருங்கள். ஏசி போட்ட சிறிது நேரத்தில் அது ஓட ஆரம்பிக்க வேண்டும். ஓடவில்லை என்றால் ஃப்யூஸ், ரிலே, மோட்டார் என்ற வரிசையில் பாருங்கள். ஃபேன் தானாகவே சுற்றத் தொடங்கும், கையை உள்ளே விடாதீர்கள்.

தண்ணீரும் வாடையும்

ஏசி ஓடும்போது வண்டிக்கடியில் தண்ணீர் சொட்டுவது ஆரோக்கியத்தின் அடையாளம். சொட்டாமல், முன் பயணி இருக்கையின் கால்விரிப்பு நனைந்தால், வடிகுழாய் அடைத்திருக்கிறது. வண்டிக்குள்ளிருந்து எஞ்சின் அறைக்குள் நீளும் குட்டி ரப்பர் குழாய் அது. மெல்லிய நைலான் டை ஒன்றைக் கீழிருந்து மெதுவாக விட்டு எடுத்தால் சேறு கொட்டும்.

ஏசி போட்டதும் ஈரத்துணி வாடை அடித்தால் கூலிங் காயிலில் பூஞ்சை வளர்ந்திருக்கிறது. ஏசி காயில் கழுவும் நுரை ஸ்ப்ரே கிடைக்கிறது. டப்பாவில் சொன்னபடி அடிக்கலாம். அதைவிட நல்ல பழக்கம் ஒன்று உண்டு. வீடு வந்துசேர மூன்று, நான்கு நிமிடம் இருக்கும்போது ஏசி பட்டனை அணைத்துவிட்டு ப்ளோயரை மட்டும் ஓடவிடுங்கள். காயில் காய்ந்துவிடும், பூஞ்சை பிடிக்காது. மழைக்காலத்திலும் வாரம் ஒருமுறை பத்து நிமிடம் ஏசியை ஓட்டுங்கள். கேஸோடு சேர்ந்து சுற்றும் ஆயில்தான் கம்ப்ரஸர் சீலைக் காயாமல் வைத்திருக்கிறது.

ஓட்டையைத் தேடுதல்

இதற்குத்தான் அதிகப் பொறுமை வேண்டும், எனக்கு மிகவும் பிடித்த வேலையும் இதுவே.

கேஸோடு சேர்ந்து ஆயிலும் கசியும். கசிந்த இடத்தில் தூசி ஒட்டும். அதனால் டார்ச் வைத்துக்கொண்டு, ஈரமான கறுப்புத் திட்டு எங்கே இருக்கிறது என்று ஒவ்வோர் இணைப்பாகப் பாருங்கள். கண்டென்சரின் கீழ் மூலை (கல் பட்டு ஓட்டை விழும் இடம்), குழாய்கள் கம்ப்ரஸரில் சேரும் இடம், கம்ப்ரஸர் புல்லியின் பின்புறம், ஹோஸும் அலுமினியமும் சேரும் நெளிவுகள், கடைசியாக இரண்டு சர்வீஸ் போர்ட்டுகள்.

சந்தேகப்பட்ட இடத்தில் பாத்திரம் கழுவும் சோப்பைக் கெட்டியாகக் கரைத்துத் தடவுங்கள். எஞ்சின் அணைந்திருக்கட்டும், அப்போதுதான் இரண்டு பக்கமும் அழுத்தம் சமமாக நிற்கும். என் வண்டியில் தாழ்வழுத்த போர்ட்டின் (தடித்த குழாயில் இருப்பது) மூடியைக் கழற்றி நுரை வைத்தேன். ஒன்றும் நடக்கவில்லை. இரண்டு நிமிடம் கண்ணெடுக்காமல் பார்த்தேன். கடுகு அளவில் ஒரு குமிழி எழும்பியது. அது மிளகு அளவாகி, சுண்டைக்காய் அளவாகி, உடைந்தது. அதே இடத்தில் அடுத்த கடுகு. மூன்று கோடைகளின் கேஸ் முழுவதும் அந்தக் குமிழி வழியாகத்தான் போயிருக்கிறது. பழுது, போர்ட்டுக்குள் இருக்கும் குட்டி ‘பின்’ வால்வில்; கடையில் அதன் விலை ஒரு டீயும் வடையும் சாப்பிடும் காசு.

பார்க்க டயர் பின் வால்வு மாதிரியே இருக்கும். ஆனால் டயர் பின்னை அதில் போடக் கூடாது. அதன் ரப்பர் இந்த கேஸையும் ஆயிலையும் தாங்காது. போர்ட் மூடிகளையும் தொலைத்துவிடாதீர்கள். மூடிக்குள் இருக்கும் ஓ-ரிங்தான் கசிவைத் தடுக்கும் உண்மையான பூட்டு. என் வண்டியில் மூடியின் ஓ-ரிங்கே இல்லை.

நுரையில் எதுவும் தெரியாவிட்டால் ஓட்டை கூலிங் காயிலில் இருக்கலாம். அது டேஷ்போர்டைக் கழற்றும் வேலை, கடைக்குத்தான் போக வேண்டும். ஓட்டையை உள்ளிருந்தே அடைக்கும் என்று விற்கும் ஸ்டாப்-லீக் டப்பாக்களை வாங்காதீர்கள். அந்தப் பசை, கூலிங் காயிலுக்குள் கேஸை அளந்து விடும் எக்ஸ்பான்ஷன் வால்வின் நுண்துளையையும் சேர்த்து அடைக்கும்.

கேஜ் சொல்லும் உண்மை, சொல்லாத உண்மை

எஞ்சின் அணைந்து எல்லாம் ஆறியிருக்கும்போது கேஜ் (அழுத்தமானி) மாட்டினால், ஆர்-134ஏ 30 டிகிரியில் சுமார் 97 பிஎஸ்ஐ, 35 டிகிரியில் சுமார் 114 பிஎஸ்ஐ காட்டும். உள்ளே ஒரு துளி திரவ கேஸ் இருந்தாலும் இதே அளவுதான், நிறைய இருந்தாலும் இதே அளவுதான். சமையல் கேஸ் சிலிண்டர் கடைசிவரை அதே வேகத்தில் எரிவதைப் போல. ஆக, 35 டிகிரி வெயிலில் கேஜ் 50 காட்டினால் வண்டி ஏறக்குறையக் காலி என்று உறுதியாகச் சொல்லலாம். 114 காட்டினால் ‘கொஞ்சமாவது இருக்கிறது’ என்பதற்கு மேல் எதுவும் சொல்ல முடியாது.

ஓடும்போது பார்த்தால், தாழ்வழுத்தப் பக்கம் 25 முதல் 45, உயரழுத்தப் பக்கம் 200 முதல் 250 பிஎஸ்ஐ என்பது நம் ஊர் வெயிலுக்குப் பொதுவான அளவு. அதுவும் வெப்பம், எஞ்சின் வேகம், ப்ளோயர் வேகம் எல்லாவற்றுக்கும் ஏற்ப ஏறி இறங்கும். எனவே கேஜைப் பார்த்து ‘இன்னும் கொஞ்சம்’ ஏற்றுகிற டாப்-அப் முறையை நான் நம்புவதில்லை. முழுக்கக் காலி செய்து, வேக்கம் போட்டு (உள்ளிருக்கும் காற்றைப் பம்பால் உறிஞ்சி எடுத்து), தராசில் எடைபோட்டு ஏற்றுவது ஒன்றே சரியான முறை. அதிகமாகிவிட்டாலும் குளிர்ச்சி குறையும் என்பதைப் பலர் நம்ப மாட்டார்கள். கண்டென்சரில் திரவம் தேங்கி வெப்பம் வெளியேற இடமில்லாமல் போகும்.

மிச்சமிருக்கும் கேஸைக் காற்றில் திறந்துவிடாதீர்கள். ஆர்-134ஏவின் புவி வெப்பமாக்கும் திறன் கார்பன் டை ஆக்சைடைப் போல 1430 மடங்கு. ஒரு சிறிய காரின் 400 கிராமை வெளியே விட்டால், 570 கிலோ கார்பன் டை ஆக்சைடை விட்டதற்குச் சமம். கேஸை உறிஞ்சி எடுக்கும் இயந்திரம் வைத்திருக்கும் கடையில் காலி செய்துகொண்டு வாருங்கள். ஓ-ரிங், பின் வால்வு, ட்ரையர் (ஈரம் உறிஞ்சும் பாகம்) போன்றவற்றை அதன் பிறகுதான் கழற்ற வேண்டும். சீறுகிற பாம்பைத் தொடுவது மாதிரிதான், அழுத்தத்தில் இருக்கும் இணைப்பைக் கழற்றுவது.

கேஸ் ஏற்றும் முறை

தேவையானவை: ஆர்-134ஏவுக்கான மேனிஃபோல்டு கேஜ் (நீலம், சிவப்பு வால்வுகளும் மூன்று ஹோஸ்களும் உள்ள அழுத்தமானி), வேக்கம் பம்ப் (வாடகைக்குக் கிடைத்தால் போதும்), கேஸ் டப்பாவைத் திறக்கும் டேப், ஒரு கிராம் வரை காட்டும் டிஜிட்டல் தராசு, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, தடித்த கையுறை. திரவ ஆர்-134ஏ சாதாரணக் காற்றழுத்தத்தில் மைனஸ் 26 டிகிரியில் கொதிப்பது. தோலில் பட்டால் சதை உறையும், கண்ணில் பட்டால் பார்வை போகும். திறந்த வெளியில் வேலை செய்யுங்கள். பக்கத்தில் பீடி, சிகரெட், அடுப்பு எதுவும் வேண்டாம். தீயில் பட்டால் இந்த கேஸ் நச்சு ஆவியாக மாறும்.

பெயர் தெரியாத மலிவு கேஸை வாங்காதீர்கள். 2011-ல் கப்பல் குளிர்பதனக் கன்டெய்னர்களில் ஆர்-134ஏ என்ற பெயரில் மெத்தில் குளோரைடு கலந்த போலி கேஸ் ஏற்றப்பட்டு, அது அலுமினியத்தோடு வினைபுரிந்ததில் கம்ப்ரஸர்கள் வெடித்து உயிர்கள் போயின. கார் ஏசியும் அலுமினியம்தான்.

1. எஞ்சினை அணைத்து, நீல ஹோஸைத் தாழ்வழுத்த போர்ட்டிலும் (மூடியில் ‘எல்’ எழுத்து, தடித்த குழாயில் இருக்கும்), சிவப்பை உயரழுத்த போர்ட்டிலும் (‘ஹெச்’ எழுத்து) மாட்டுங்கள். இரண்டு போர்ட்டுகளின் அளவும் வேறு என்பதால் மாற்றி மாட்ட முடியாது. மஞ்சள் ஹோஸ் பம்புக்கு.

2. கேஜின் இரண்டு வால்வையும் திறந்து பம்பை ஓடவிடுங்கள். கடலோர ஊர் என்றால் ஒரு மணி நேரம், மற்ற இடங்களில் 45 நிமிடம். காற்றை எடுப்பது மட்டும் இதன் நோக்கம் இல்லை. வேக்கத்தில் தண்ணீர் அறை வெப்பத்திலேயே கொதித்து ஆவியாகி வெளியேறும். உள்ளே ஈரம் தங்கினால் ஆயிலோடு சேர்ந்து அமிலமாகி அரிக்கும். கேஜ் மைனஸ் 29 அங்குலத்தை (பாதரச அளவு) தாண்டி நிற்க வேண்டும். ஊட்டி, கொடைக்கானலில் இருப்பவர்கள் 23-ஐ ஒட்டி நின்றால் பயப்பட வேண்டாம். அங்கே காற்றழுத்தமே அவ்வளவுதான்.

3. முதலில் வால்வுகளை மூடி, பிறகு பம்பை நிறுத்துங்கள். அரை மணி நேரம் முள்ளைப் பாருங்கள். அசைந்தால் ஓட்டை இன்னும் இருக்கிறது. திரும்பிப் போய்த் தேடுங்கள். ஓட்டை சோதிக்கிறேன் என்று பஞ்சர் கடைக் காற்றை ஒருபோதும் ஏற்றாதீர்கள். ஈரம் புகும், அழுத்தத்தில் காற்றும் ஆர்-134ஏவும் கலந்தால் எரியவும் கூடும்.

4. பாகம் எதையாவது மாற்றியிருந்தால், அதற்குச் சொன்ன அளவு மட்டும் புதிய பிஏஜி ஆயிலை அந்தப் பாகம் மாட்டும்போதே ஊற்றியிருக்க வேண்டும். திறந்து வைத்த பழைய ஆயில் டப்பா வேண்டாம். அது காற்றிலுள்ள ஈரத்தைக் குடித்திருக்கும்.

5. மஞ்சள் ஹோஸைப் பம்பிலிருந்து எடுத்து கேஸ் டப்பாவில் மாட்டி, டப்பாவைத் திறந்து, மேனிஃபோல்டு முனையில் ஒரு நொடி மட்டும் தளர்த்தி, ஹோஸுக்குள் இருக்கும் காற்றை வெளியேற்றி இறுக்குங்கள். டப்பாவைத் தராசில் நிமிர்ந்த நிலையில் வைத்து எடையைக் குறித்துக்கொள்ளுங்கள்.

6. சிவப்பு வால்வு மூடியிருக்கிறதா என்று இன்னொரு முறை பாருங்கள். இனி வேலை முடியும் வரை அதைத் திறக்கவே கூடாது. எஞ்சின் ஓடும்போது அந்தப் பக்கத்தின் அழுத்தம் டப்பாவுக்குள் பாய்ந்தால் டப்பா வெடிக்கும். வீட்டு வேலையில் நடக்கும் மிகக் கொடிய விபத்து இதுதான்.

7. எஞ்சின் அணைந்த நிலையிலேயே நீல வால்வைத் திறங்கள். வேக்கம் இழுக்கிற இழுப்பில் கேஸ் தானாக உள்ளே போகும். எடை குறைவது நின்றதும் எஞ்சினை ஓடவிட்டு, ஏசி முழுக் குளிரில், ப்ளோயர் முழு வேகத்தில், கதவுகள் திறந்திருக்க 1500 ஆர்பிஎம்மில் வையுங்கள். கம்ப்ரஸர் கிளட்ச் ‘டக்’ என்று பிடிக்கும். பிடிக்கவில்லை என்றால் உள்ளே இன்னும் போதுமான அழுத்தம் இல்லை. ஸ்விட்சை ஒயர் வைத்து ஷார்ட் செய்யாமல் சிறிது காத்திருங்கள்.

8. நீல வால்வைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து மூடுங்கள். டப்பா நிமிர்ந்தே இருக்கட்டும். கவிழ்த்தால் திரவம் கம்ப்ரஸருக்குள் போய் அதன் வால்வுத் தகடுகளை உடைக்கும். டப்பா குளிர்ந்து வேகம் குறைந்தால், கை பொறுக்கும் வெதுவெதுப்பான தண்ணீரில் வைத்து எடுங்கள். அடுப்பு, ஹீட் கன் எதுவும் கூடாது.

9. ஸ்டிக்கரில் உள்ள எடையை எட்டியதும் நீல வால்வையும் டப்பாவையும் மூடுங்கள். வென்ட்டில் வெப்பமானியை வைத்துப் பார்த்துவிட்டு, எஞ்சினை அணைத்து, உயரழுத்தப் பக்கம் இறங்கும் வரை பத்து நிமிடம் பொறுத்து ஹோஸ்களைக் கழற்றுங்கள்.

இரண்டு போர்ட்டிலும் மறுபடி சோப்பு நுரை வைத்துப் பார்த்து, துடைத்து, மூடியைக் கையால் இறுக்குங்கள். தேதி, ஏற்றிய எடை, அன்றைய வெயில், வென்ட் வெப்பம் நான்கையும் ஒரு தாளில் எழுதி பானட்டின் உள்பக்கம் ஒட்டிவையுங்கள். ஒரு மாதம் கழித்து அதே நிழலில், அதே நேரத்தில், அதே 1500 ஆர்பிஎம்மில் மறுபடி அளந்து பாருங்கள். என் வண்டியின் தாளில் முதல் வரியில் 8 டிகிரி. பதினான்கு மாதம் கழித்து எழுதிய கடைசி வரியிலும் 8 டிகிரிதான்.